தலதா வீதியைச் சுற்றிப் போகும் கண்டி: தீர்மானம் யாருடையது?

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் இரவு பஸ்ஸில் மாங்குளமும் ஓமந்தையும் வவுனியாவும் தூக்கத்திலேயே கடந்துவிடும். தம்புள்ளை, மாத்தளை கூடச் சிரமமில்லை. பஸ் சற்றுப் பிந்தி, காலை ஏழு மணிக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வந்தால்தான் பயணிகள் பொறுமை இழக்கத் தொடங்குவார்கள். பாடசாலை வான்கள், அலுவலகம் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள், அக்குறணைப் பக்கமிருந்து வரும் லொறிகள் எல்லாம் ஒரே வீதிக்குள் இறங்கும் நேரம் அது. நகரத்துக்கு இன்னும் சில கிலோமீற்றர்தான். அதைக் கடக்க ஒரு மணித்தியாலம் எடுத்த நாட்களும் உண்டு. பொதியைத் தூக்கிக்கொண்டு இடையிலேயே இறங்கி நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏ9 வீதி கண்டியில்தான் ஆரம்பிக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் பலர் யோசிப்பதில்லை. எங்களுக்கு ஏ9 என்றால் முகமாலை, ஆனையிறவு, ஓமந்தை. 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் பாதை மூடப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. தென்மராட்சியில் ஏ9 ஓரத்து வீடு எங்களுடையது. வாகனச் சத்தம் ஒரே நாளில் நின்றுபோனது இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு வீதியை மூடுவதற்கு ஒரு நாள் போதும், திறப்பதற்கு ஆண்டுகள் எடுக்கும் என்பதை எங்கள் தலைமுறை பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. 320 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அதே வீதியின் மறுமுனையில், கண்டி நகரத்தின் நடுவில், 1998இல் மூடப்பட்ட ஒரு வீதி இன்னும் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்படவில்லை. மனைவியின் ஊர் கட்டுகஸ்தோட்டை என்பதால் சில ஆண்டுகளாக அந்த மூடிய வீதியைச் சுற்றித்தான் நானும் போய் வருகிறேன்.

அந்த வீதி ஸ்ரீ தலதா மாளிகைக்கு முன்னால் செல்லும் தலதா வீதியின் பகுதி. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை மாளிகை வாசலுக்குள் செலுத்தினார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒரு சிறு குழந்தையும் அடங்கும். மாளிகையின் முகப்பு சிதைந்தது. பத்து நாட்களில் கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. புலிகள் இயக்கம் இலங்கையில் தடை செய்யப்பட்டதும் இந்தத் தாக்குதலை அடுத்துத்தான். அதன் பிறகு மாளிகைக்கு முன்னால் வாகனங்கள் செல்வது நிறுத்தப்பட்டது. அன்றிருந்த நிலையில் வேறு எந்த அரசாங்கமும் அதைத்தான் செய்திருக்கும். அதில் எனக்குக் கேள்வி இல்லை.

கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

கண்டியின் புவியியலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசல், பேராதனைப் பக்கமிருந்து ஒரு வாசல், தென்னக்கும்புரப் பக்கமிருந்து ஒரு வாசல். குறுக்கு வழிகள் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் பெரிய வாகனங்கள் எல்லாம் இந்த மூன்று வாசல்களால்தான் உள்ளே வரவேண்டும். உள்ளே வந்தால் ஏரி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், எங்கள் வாய்வழக்கில் கண்ணுசாமி, வெட்டுவித்த ஏரி. முன்பு திகன, தெல்தெனியப் பக்கமிருந்து வருகிற வாகனம் ஏரியின் வடகரையால், மாளிகையைத் தாண்டி, குயின்ஸ் ஹோட்டல் சந்திக்கு நேரே வந்துவிடும். இப்போது ஏரியின் தென்கரையால், சங்கராஜ மாவத்தை வழியாகச் சுற்ற வேண்டும். ஏரியின் மொத்தச் சுற்றளவே மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். தூரம் பெரிதில்லை. ஆனால் மகாமாயா, தர்மராஜா போன்ற பெரிய பாடசாலைகளுக்குப் போகும் வாகனங்களும் அந்த வளைவுக்குள்தான் நுழைகின்றன. காலையிலும் பகல் ஒன்றரை மணிக்கும் ஏரியைச் சுற்றி ஒரு மாலை போட்டதுபோல வாகனங்கள் நிற்கும். கிண்ணத்துக்குள் எழும் புகை வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

யுத்தம் முடிந்த பிறகு இந்த வீதியைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை பல தடவை எழுந்தது. வர்த்தகர்கள் கேட்டார்கள், நகரவாசிகள் கேட்டார்கள், சில அரசியல்வாதிகளும் கேட்டார்கள். மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களும் தியவடன நிலமேயும் எதிர்த்தார்கள். கோரிக்கை ஒவ்வொரு முறையும் அப்படியே அடங்கிப்போனது. இந்த ஆண்டுகளில் வீதி மூடப்பட்டதற்கான காரணம் மெல்ல மாறிவந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1998இல் அது பாதுகாப்பு. 2009க்குப் பிறகு புனிதத்தன்மையும் வழிபடுவோரின் அமைதியும் முன்னுக்கு வந்தன. கண்டி 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நகரம் என்பதால் வாகன அதிர்வும் புகையும் பழைய கட்டடங்களைப் பாதிக்கும் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு பாதுகாப்பு என்ற சொல் மறுபடியும் திரும்பி வந்தது.

இந்த வாதங்களில் சில நியாயமானவை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வீதி மூடியிருப்பதே பிடிக்கும். மாலை நேரத்தில் குழந்தைகளோடு ஏரிக்கரையில் வாகனப் பயமில்லாமல் நடக்க முடிகிற ஒரே துண்டு அதுதான். உலகில் எத்தனையோ பழைய நகரங்கள் தங்கள் நடுப்பகுதியிலிருந்து வாகனங்களை வேண்டுமென்றே வெளியேற்றியிருக்கின்றன. ஆனால் அந்த நகரங்களில் அதற்கொரு திட்டம் இருக்கும், மாற்று வழி இருக்கும், எதிர்த்தவர்களின் வாதமும் பதிவாகியிருக்கும். கண்டியில் நடந்தது அப்படியல்ல. ஒரு யுத்தகால நடவடிக்கை யுத்தம் முடிந்த பிறகும் நகரத் திட்டத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நகரத்தின் மற்ற எல்லாப் போக்குவரத்து மாற்றங்களும் அதை அசைக்க முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி வரையப்படுகின்றன.

வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வசாவிளான் - பலாலி வீதி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்து 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறக்கப்பட்டது. அதுவும் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை, இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அந்த வீதியைத் திறப்பதா இல்லையா என்று எந்தப் பிரதேச சபையும் வாக்கெடுக்கவில்லை. இரண்டு வீதிகளையும் ஒன்றாக வைக்க நான் முயலவில்லை. பலாலியில் வீதியோடு சேர்த்து மக்களின் காணியும் போனது, கண்டியில் அப்படியில்லை. ஒற்றுமை ஒன்றுதான். வீதி யாருடைய ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் சபை, அந்த வீதி விடயத்தில் ஒரு பார்வையாளர்.

கண்டி மாநகர சபை சாதாரண சபையல்ல. பிரித்தானியர் 1865இல் கொண்டுவந்த மாநகர சபைச் சட்டத்தின் கீழ் உருவான, நாட்டின் மிகப் பழைய சபைகளில் ஒன்று. ஆனால் நகரத்துக்குள் ஓடும் பிரதான வீதிகளில் அதற்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். மாகாண வீதிகள் மாகாண சபைக்கு. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் அனுமதிப்பத்திரம் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம். யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்ஸுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. அமைச்சின் கீழ். சந்தியில் எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். கட்டடம், காணிப் பயன்பாடு என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபை. மரபுரிமை என்றால் தொல்லியல் திணைக்களம். இவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்காரும் இடம் மாநகர சபை மண்டபமல்ல. அது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், அல்லது கொழும்பில் ஓர் அமைச்சு அறை.

குட்ஷெட் பஸ் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கும் ஹட்டன், நுவரெலியாவுக்கு மாறிப் போகிற மலையக மக்களுக்கும் கண்டி என்றாலே அந்த இடம்தான். குட்ஷெட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் என்று சிதறிக் கிடக்கும் பஸ் நிலையங்களை ரயில் நிலையத்தோடு சேர்த்து ஒரே முனையமாக்குவது திட்டம். உலக வங்கி 2014இல் ஆரம்பித்த நகர அபிவிருத்தித் திட்டத்திலிருந்து வளர்ந்து, 2020இல் தனியாக ஏறத்தாழ 6.9 கோடி டொலர் கடன் ஒதுக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். மழையில் நனைந்துகொண்டு, சாக்கடையைத் தாண்டி, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கட்டுமானத்துக்காகக் குட்ஷெட் மூடப்பட்டதும் பஸ்கள் நகரத்தின் வெவ்வேறு வீதியோரங்களுக்குப் பிரிந்து போயின. தற்காலிகம் என்றுதான் சொல்லப்பட்டது. தற்காலிகம் என்ற சொல்லை நாங்கள் முகாம்களிலும் கேட்டிருக்கிறோம்.

இந்த மாற்றங்கள் நடந்த காலத்தின் பெரும் பகுதியில் கண்டியில் மக்கள் தெரிவு செய்த மாநகர சபையே இருக்கவில்லை. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாடு முழுவதும் சபைகளை ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் நடத்தினார்கள். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லாத காலம் அது. அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் வாக்குக் கேட்கும் நாள் ஒன்று வருவதில்லை, அவ்வளவுதான்.

பெரிய தீர்மானங்கள் மேலே போய்விட்டால் சபையின் கையில் என்ன மிஞ்சும்? நடைபாதை, வாகனத் தரிப்பிடக் கட்டணம், சந்தைக் கடைகள், நடைபாதை வியாபாரிகள். அதனால் நெரிசலைக் குறைக்கப் போகிறோம் என்று சபை ஒன்று புறப்படும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவது கொய்யாப்பழம் விற்கிற அம்மாதான். காலத்துக்குக் காலம் வியாபாரிகள் எழுப்பப்படுவார்கள், பண்டிகைக்கு முன் திரும்பி வருவார்கள், மறுபடியும் எழுப்பப்படுவார்கள். ஏரியைச் சுற்றி நிற்கும் வாகன வரிசை அதனால் ஓர் அடிகூடக் குறைந்ததை நான் பார்த்ததில்லை.

நகரத்தின் தமிழர்களுக்கு இதில் என்ன பங்கு? கண்டி மாவட்ட சனத்தொகையில் இலங்கைத் தமிழரும் இந்திய வம்சாவளித் தமிழருமாகச் சேர்த்து ஏறத்தாழ பத்தில் ஒருவர் தமிழர். முஸ்லிம்கள் அதைவிடச் சற்று அதிகம். நகரத்தின் கடைத்தெருக்களில் இந்த இரு சமூகத்தவரின் பங்கு கண்ணுக்குத் தெரியும். ஒரு வீதி ஒருவழியாக மாறினால், பஸ் நிறுத்தம் இருநூறு மீற்றர் தள்ளிப் போனால், அன்றைக்கே அவர்களின் கல்லாவில் தெரியும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகரத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு வரும் பெண்களுக்கு, கடைசி பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்பது அன்றிரவு வீடு போய்ச் சேர்வதா இல்லையா என்ற விடயம். தற்காலிகத் தரிப்பிடம் ஒன்றில், யார் ஒட்டியதென்று தெரியாத, சிங்களத்தில் மட்டும் இருந்த ஓர் அறிவித்தலின் முன்னால் நின்றுகொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்ட அக்காவுக்கு நானும் தட்டுத்தடுமாறித்தான் வாசித்துச் சொன்னேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது.

ஆனாலும் இவர்கள் வாய் திறப்பதில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில காலம் எடுத்தது. புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம், தலதா வீதியைப் பற்றி வர்த்தகர்கள் ஏன் ஒன்றாகப் பேசுவதில்லை என்று கேட்டேன். கடைக்குள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அதெல்லாம் நம்ம பேசுற விஷயமில்ல. நீங்க யாழ்ப்பாணம். எழுதிட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கதானே இருக்கணும்."

அவர் கடை இருக்கும் தெருவின் கதை அப்படி. 1983 ஜூலை 26ஆம் திகதி கண்டியில் எரிந்தவை பேராதனை வீதி, காசல் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி ஆகியவற்றில் இருந்த தமிழர் கடைகள். காசல் வீதி இன்று கொட்டுகொடெல்ல வீதி, திருகோணமலை வீதி இன்று டி.எஸ்.சேனநாயக்க வீதி. போக்குவரத்து வரைபடங்களில் அம்புக்குறி போடப்படுவது இதே தெருக்களுக்குத்தான். 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. தலதா மாளிகை என்ற சொல் வருகிற ஒரு விவாதத்தில் தமிழரோ முஸ்லிமோ கருத்துச் சொன்னால், அது வீதியைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொள்ளப்படாது என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. லொறியைச் செலுத்தியவர்கள் எங்கள் பெயரைச் சொல்லித்தான் செலுத்தினார்கள். அந்தப் பாரம் அந்த முதியவரின் குரலிலும் இருந்தது, கேட்டுக்கொண்டு நின்ற என்னிடமும் இருந்தது. இதை எழுத நான் ஓர் ஆண்டுக்கு மேல் தள்ளிப் போட்டதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் இதை முழுக்கச் சிங்களப் பெரும்பான்மையின் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் தவறிவிடுவோம். எங்கள் ஊர்களில் எங்கள் ஆட்கள் தீர்மானம் எடுத்தபோது என்ன நடந்தது? வவுனியாவில் புதிய பஸ் நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. இ.போ.ச. ஒரு பக்கம், தனியார் பஸ்கள் ஒரு பக்கம், பழைய நிலையத்தைச் சுற்றிய கடைக்காரர்கள் இன்னொரு பக்கம். 2018 ஜனவரியில் இ.போ.ச. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வடக்கு முழுவதும் பயணிகள் நடுத்தெருவில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுந்தூர பஸ்களுக்கென்று கட்டிய நிலையத்துக்கு யார் போவது, யார் போகாமல் இருப்பது என்ற இழுபறி இன்னொரு கதை. அங்கெல்லாம் மகாநாயக்கர்களும் இல்லை, மொழிப் பிரச்சினையும் இல்லை. கட்டி முடித்துவிட்டுத்தான் பாவிக்கப் போகிறவர்களிடம் பேசினார்கள். பயணிகளிடம் அப்போதும் பேசவில்லை.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, புனித தந்ததாதுவை மக்கள் நேரில் தரிசிக்க இடமளிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பெருகியதால் இனிமேல் கண்டிக்கு வர வேண்டாம் என்று பொலிஸாரே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஆனால் அந்தப் பத்து நாட்களில் விசேட ரயில்கள் ஓடின, வீதிகள் நேர அட்டவணைப்படி மூடப்பட்டன, பொலிஸும் சுகாதாரத் துறையும் சபை ஊழியர்களும் ஒரே திட்டத்தின் கீழ் வேலை செய்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழரும் முஸ்லிம்களும் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் எசல பெரஹராவுக்கு நடப்பதும் இதுவே. ஆக, எல்லா நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது முடியாத காரியமல்ல. விழாவுக்கு முடிகிறது. மழை நாளில் பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு முடியவில்லை.

புதிய முனையம் திறக்கப்படும் நாளில் இந்தக் கேள்விகள் எல்லாம் மறுபடியும் வரும். நகரத்துக்கு வரும் பஸ்களில் பெரும்பாலானவை ஓர் இடத்தில் சேரும்போது குட்ஷெட் பக்கத்து வீதிகள் தாங்குமா, தென்னக்கும்புரப் பக்கத்து பஸ்கள் இன்னமும் ஏரியைச் சுற்றித்தான் வர வேண்டுமா, மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடைகளின் கதி என்ன, பெயர்ப்பலகைகள் எத்தனை மொழியில் இருக்கும் என்பவை இப்போதே கேட்கப்பட வேண்டியவை. திறப்பு விழா மேடையில் கேட்க முடியாது. 2025இல் தெரிவான உறுப்பினர்களுக்கு அதிகாரம் குறைவாக இருக்கலாம். சபையில் விவாதித்து ஒரு தீர்மானத்தைப் பதிவு செய்வதை யாரும் தடுக்கவில்லை. வீதியை மூடியே வைத்திருப்பதாக இருந்தாலும், அதைச் சபை தன் காரணங்களோடு எழுதி வைக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தமிழில் விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நான் ஒரு விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். தலதா வீதி இன்று எந்தச் சட்டத்தின், எந்த அதிகாரியின் எந்தத் திகதியிட்ட கட்டளையின் கீழ் மூடப்பட்டிருக்கிறது? அந்தக் கட்டளை கடைசியாக எப்போது மீள்பரிசீலனை செய்யப்பட்டது? முனையம் திறந்த பிறகு பஸ்கள் செல்லவிருக்கும் வழிகளின் வரைபடத்தின் பிரதி ஒன்று தர முடியுமா? அந்த வழிகளைத் தீர்மானித்த கூட்டங்களில் பயணிகள் சார்பில் கலந்துகொண்டவர் யார்?

நான்கு கேள்விகளை எழுத அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. மேலே எந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது என்பதில்தான் இரண்டு நாள் போனது. கடைசியில் ஐந்து பிரதி எடுத்திருக்கிறேன். மாநகர சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, பொலிஸ், மாவட்டச் செயலகம், நகர அபிவிருத்தி அதிகார சபை. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடுவேன்.